கார் ஏசி எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகள்

காரைக்குடியில் இரண்டு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். ஒன்று ஆயிரம் சிசி பெட்ரோல் கார், இன்னொன்று ஏழு பேர் ஏறும் டீசல் வண்டி. சித்திரை பிறந்துவிட்டால் ஏசியைப் பற்றிப் பேசாமல் ஒரு சவாரி முடியாது. வண்டியில் ஏறுகிறவர்கள் கேட்பது, புதிதாகக் கார் வாங்கிய உறவுக்காரர்கள் போனில் கேட்பது, ஸ்டாண்டில் டிரைவர் தம்பிகள் தங்களுக்குள் வாதாடுவது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கணக்குக்கு வசதியாகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாக எடுத்துக்கொள்கிறேன்.

ஏசி போட்டால் மைலேஜ் எவ்வளவு குறையும்?

5 சதவீதமும் குறையலாம், 25 சதவீதமும் குறையலாம். ஒரே வண்டியில், ஒரே நாளில்கூட இரண்டும் நடக்கும்.

ஏனென்றால் ஏசி கிலோமீட்டர் கணக்கில் பெட்ரோல் குடிப்பதில்லை, மணிக் கணக்கில் குடிக்கிறது. வண்டி பைபாஸில் பறந்தாலும் சரி, ரயில்வே கேட்டில் நின்றாலும் சரி, அதற்கு ஒன்றுதான். நல்ல வெயிலில் சின்னக் காரின் ஏசி மணிக்குச் சுமார் அரை லிட்டர் கேட்கும். வண்டிக்கு வண்டி, வெயிலுக்கு வெயில் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் கணக்குப் போட அரை லிட்டர் போதும்.

திருச்சிக்குப் போகிறோம். 80-ல் சீராக ஓடும் வண்டி ஏசி இல்லாமல் லிட்டருக்கு 20 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு 4 லிட்டர். ஏசியின் அரை லிட்டர் சேர்ந்தால் 4.5. மைலேஜ் 18-க்குச் சற்றுக் கீழே வரும். பத்தில் ஒரு பங்கு போயிற்று, அவ்வளவுதான்.

அதே வண்டி ஊருக்குள் செக்காலை ரோட்டிலும் கல்லுக்கட்டியிலும் கடை கடையாக நின்று, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது. மணிக்கு ஒன்றரை லிட்டர் செலவு, லிட்டருக்கு 13 என்று கணக்கு வரும். அதோடு ஏசியின் அரை லிட்டரைச் சேர்த்தால் இரண்டு. மைலேஜ் 10. நாலில் ஒரு பங்கு காலி. "ஏசி போட்டா ஒண்ணும் தெரியாது" என்கிறவர் திருச்சி ரோட்டில் ஓட்டுகிறவர். "ஏசி வண்டியையே தின்னுரும்" என்கிறவர் ஊருக்குள் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஏசி கரண்டில்தானே ஓடுகிறது, பெட்ரோல் எப்படிக் குறையும்?

காற்றை ஊதும் பிளோயர் மாதிரி சின்னச் சாமான்கள்தான் கரண்டில் ஓடுகின்றன. குளிரூட்டும் வேலையைச் செய்வது கம்ப்ரஸர். சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களில் அதை எஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. வெயில் கடுமையாக இருந்தால் இரண்டு, மூன்று கிலோவாட்கூட இழுக்கும்; உள்ளே குளிர்ந்தபின் ஓரளவு அடங்கும். சராசரி ஒன்றரை கிலோவாட் என்று வையுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 9 கிலோவாட் மணி ஆற்றல், அதில் எஞ்சின் உருப்படியாக எடுப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, மீதி சூடாகப் போய்விடும். கணக்குப் போட்டால் மணிக்கு அரை லிட்டர் என்ற இடத்துக்கே வந்து நிற்கும்.

இத்தனை பலம் எதற்கு என்று கேட்கலாம். வீட்டில் ஒரு படுக்கையறைக்கு ஒரு டன் ஏசி வைக்கிறோம். காருக்குள்ளும் அதற்குக் குறையாத குளிர்ச்சி வேண்டியிருக்கிறது. இடம் சின்னதுதான், ஆனால் நாலு பக்கமும் கண்ணாடி, மேலே தகரம், கீழே கொதிக்கும் தார். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து இரண்டடிக்குச் சுவர் எழுப்பிய நம் ஊர் வீடும் இதுவும் எங்கே?

கம்ப்ரஸர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்குமா?

இல்லை. பழைய வகைகளில் போதுமான குளிர் வந்ததும் காந்தக் கிளட்ச் விடுபட்டு நின்றுவிடும், பிறகு மறுபடி பிடிக்கும். பானெட்டுக்குள் 'டக்' என்று கேட்பது அதுதான். புதிய வண்டிகள் பலவற்றில் நிற்காமல் தேவைக்கேற்ப அளவை மட்டும் குறைத்துக்கொள்ளும் கம்ப்ரஸர் இருக்கிறது, அது சிக்கனம். அமெரிக்காவின் 1940 மாடல் பேக்கார்ட் காரில்தான் முதன்முதலில் கம்பெனியே ஏசி வைத்து விற்றது. அதில் கிளட்ச்சே கிடையாது; ஏசி வேண்டாம் என்றால் இறங்கிப் பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கத்திரி வெயிலில் அதை நினைத்துப் பார்த்தால் நம் பாடு தேவலை.

ஏசிக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு கூட என்று வாங்குகிறீர்களே, அது நியாயமா?

நான் சொன்னால் தொழிலுக்கே வேட்டு. இருந்தாலும் சொல்கிறேன், அந்த முறையே தப்பு.

ஏசிக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கூட என்று வைத்துக்கொள்வோம். திருச்சி ஏர்போர்ட்டுக்கு 90 கி.மீ., 90 ரூபாய் வரும். ஒன்றரை மணி நேரத்தில் ஏசி குடித்தது முக்கால் லிட்டர், 75 ரூபாய். கம்ப்ரஸர் தேய்மானமும் இருக்கிறது, ஆகவே ஏறக்குறைய சரிதான்.

இப்போது நகரத்தாரின் நகரக் கோயில் ஒன்பதும் பார்க்க ஒரு குடும்பம் வருகிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. நாள் பூராவும் சுற்றி 150 கி.மீ., ஓட்டம் நாலரை மணி நேரம் என்று வையுங்கள். அதற்கு ஏசி சுமார் இரண்டேகால் லிட்டர். அத்தோடு ஒவ்வொரு கோயில் வாசலிலும் "பெரியவர் உள்ளேயே இருக்கட்டும், ஏசி ஓடட்டும் தம்பி" என்று இருபது நிமிடம். ஒன்பது கோயிலுக்கு மூன்று மணி நேரம். நின்ற இடத்தில் எஞ்சினும் ஏசியும் சேர்ந்து மணிக்கு ஒரு லிட்டர் போகும், ஆக மூன்று லிட்டர். மொத்தம் ஐந்தேகால் லிட்டர், 525 ரூபாய். எனக்கு வருவது 150.

அதனால்தான் சில டிரைவர்கள் கோயில் வாசலில் முகத்தைச் சுளிக்கிறார்கள். பெரியவர் வெயிலில் வேகட்டும் என்றில்லை. மணிக்கு இவ்வளவு என்று ஏசிக்குத் தனியாகப் பேசிக்கொண்டால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு இல்லை. நான் இப்போது நின்று ஏசி ஓட்ட மணிக்கு 100 ரூபாய் என்று ஏறும்போதே சொல்லிவிடுகிறேன். கேட்டவுடன் பாதிப் பேர், "அப்ப ஆஃப் பண்ணிரு தம்பி, திண்ணையில உக்காந்துக்கிறோம்" என்று இறங்கிவிடுகிறார்கள்.

நிறுத்தி வைத்து ஏசி போட்டுத் தூங்கலாமா?

கல்யாண வீட்டு வாசலில் டிரைவர்கள் இப்படித் தூங்குவதைப் பார்க்கிறேன். பெட்ரோல் செலவை விடுங்கள், மணிக்கு ஒரு லிட்டர்தானே போகிறது. மூடிய ஷெட்டிலோ, சுவரை ஒட்டியோ நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வேப்பமர நிழலில் கதவைத் திறந்து போட்டுப் படுப்பது மேல். எஞ்சினை நிறுத்தி, குழந்தையை உள்ளே விட்டுவிட்டு 'இதோ வந்துவிடுகிறேன்' என்று போவதும் கூடாது. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

வெயிலில் நின்ற வண்டியைச் சீக்கிரம் குளிர வைப்பது எப்படி?

மூடிய கார் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் உள்ளே வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறும். வெளியே 38 என்றால் உள்ளே 58. ஜன்னலை ஒரு விரல்கடை இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வராது. கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த அகலமான நேர்த் தெருவிலேயே வண்டியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். திரும்பி வந்து ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாமல் நிற்பார்கள்.

அவர்கள் அப்போதுதான் பார்த்துவிட்டு வந்த வீட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. முகப்பிலிருந்து பின்கட்டுவரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், நடுவில் வளவு என்கிற முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். சூடு மேலே போகும், காற்று குறுக்கே ஓடும். வெப்பத்தை வெளியே அனுப்பிய பிறகுதான் வீடு குளிர்கிறது.

காரிலும் அப்படியே. இடது பின்பக்கக் கண்ணாடியை இறக்குங்கள். வலது முன்கதவை நாலைந்து முறை விசிறி மாதிரி திறந்து மூடுங்கள். கொதிக்கும் காற்று அந்தப் பக்கமாக வெளியே போய்விடும். பிறகு வண்டியை எடுத்து, கண்ணாடிகளைத் திறந்தே வைத்து, ஏசியையும் போட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அப்புறம் மூடுங்கள். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஏசியை ஓடவிட்டுக் காத்திருப்பது வீண். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் சுற்றும், ஓடும்போதுதான் சீக்கிரம் குளிரும்.

ஏசியை விட ஜன்னலைத் திறப்பது மிச்சமா?

ஊருக்குள் சந்தேகமே இல்லை, ஜன்னல்தான் மிச்சம். 60 கி.மீ. வேகம்வரை ஜன்னல் ஜெயிக்கும். வேகம் கூடக்கூட நிலைமை மாறும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது, அதை எதிர்க்க வேண்டிய பலம் வேகத்தின் கனமாகக் கூடுகிறது. திறந்த ஜன்னல் அந்த எதிர்ப்பை இன்னும் கூட்டும். சின்னக் காரில் 80-லிருந்து 100-க்குள் எங்கேயோ இரண்டும் சமமாகிவிடும் என்பது என் கணக்கு. சரியாக எந்த இடம் என்பது வண்டியின் உருவத்தைப் பொறுத்தது. அதற்கு மேல் போனால் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுவதே நல்லது.

இதில் பணம் மட்டும் கணக்கில்லை. தேவகோட்டை ரோட்டில் மணல் லாரிக்குப் பின்னால் ஜன்னலைத் திறந்து போய்ப் பாருங்கள். பட்டு வேட்டியோடு விசேஷத்துக்குப் போகிறவர் செம்மண் வேட்டியோடு இறங்குவார்.

டெம்பரேச்சரைக் கூட்டி வைத்தால் மிச்சமாகுமா? ஃபேனைக் குறைத்தால்?

டிகிரி எண் காட்டும் ஆட்டோமேடிக் ஏசி என்றால் 18-க்குப் பதில் 24, 25 வைப்பது நிச்சயம் உதவும். திருகு மட்டும் இருக்கும் சாதாரண ஏசிகளில் கதை வேறு. நீலத்திலிருந்து சிவப்புப் பக்கம் திருப்பும்போது பெரும்பாலும் நடப்பது என்ன தெரியுமா? ஏசி பழையபடி முழுதாகக் குளிர வைக்கிறது, அதன்மேல் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் கலந்து கொடுக்கிறது. குளிர வைத்த செலவு செலவுதான். அந்த மாதிரி வண்டியில் திருகை நீலத்திலேயே விட்டு, ஃபேனை ஒன்றிலோ இரண்டிலோ வையுங்கள். காற்று குறைவாகப் போனால் உள்ளே இருக்கும் குளிர்க்குழாய் சீக்கிரம் குளிர்ந்து, கம்ப்ரஸர் அடிக்கடி ஓய்வெடுக்கும்.

சில டிரைவர்கள் பட்டனைத் தாங்களே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து அணைத்துப் போடுவார்கள். அந்த வேலையை வண்டியே செய்கிறது, நாம் குறுக்கே போக வேண்டாம்.

உள்காற்றுப் பட்டனை எப்போது அமுக்குவது?

வெளிக்காற்றை விடாமல் உள்ளே இருப்பதையே சுற்றவிடும் பட்டன் இது. முதல் ஓரிரு நிமிடம் வேண்டாம்; உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடு. சூடு வெளியேறியதும் அமுக்குங்கள். ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே திரும்பக் குளிர வைப்பதால் வேலை குறைவு, புழுதியும் வராது. ஆனால் சென்னையிலிருந்து ராத்திரியில் ஐந்து பேரோடு வரும்போது விடியவிடிய அதிலேயே விட்டால் கரியமில வாயு சேர்ந்து தலை கனக்கும், கண் சொக்கும். அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

ஏசி போட்டால் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறதே?

ஆயிரம் சிசி வண்டியில் இது இயல்பு. இரண்டு கிலோவாட் என்பது கிட்டத்தட்ட 2.7 குதிரைச்சக்தி. சமதரையில் 80-ல் போகச் சின்னக் காரின் சக்கரங்களுக்குத் தேவைப்படுவதே ஆறேழு கிலோவாட்தான். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் பல வண்டிகளில் கம்ப்ரஸர் தானாகச் சில விநாடி விடுபட்டுக்கொள்ளும். பஸ்ஸை ஓவர்டேக் செய்யும்போது ஏசியை அணைக்கும் பழைய வழக்கம் அதனால் இப்போது தேவையில்லை. டீசல் வண்டியில் இந்தத் தொந்தரவு அவ்வளவாகத் தெரியாது.

வருடா வருடம் கேஸ் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நானே ஏமாந்தவன்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். என் பெட்ரோல் வண்டிக்கு ஒரு கடையில் மூன்று கோடைக்கு மூன்று முறை கேஸ் ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் மாசிக்குள் குளிர் போய்விடும். கடைசியில் இன்னொரு மெக்கானிக் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். முன்னால் இருந்து சூட்டை வெளியே தள்ளும் கண்டன்ஸரில் கல் தெறித்த ஒரு ஊசித்துளை. அதை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது.

கேஸ் குறைந்தால் மைலேஜும் அடிபடும். குளிர் எட்டாததால் கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடும். 'கூட கொஞ்சம் போட்டால் கூடக் குளிரும்' என்பதும் தப்பு. அளவுக்கு மேல் போனால் அழுத்தம் ஏறி எஞ்சினுக்குத்தான் சுமை. சின்னக் காருக்குப் பொதுவாக அரைக் கிலோ முன்னே பின்னேதான் வேண்டும், சரியான கிராம் கணக்கு பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிய சீட்டிலேயே இருக்கும். எடை போட்டு ஏற்றுகிற கடையாகப் பாருங்கள். உள்ளே உள்ள ஆர்134ஏ கேஸ் காற்றில் கலந்தால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். கசிகிற வண்டியில் திரும்பத் திரும்ப ஏற்றுவது அந்த வகையிலும் பாவம்.

நம் பக்கத்துக்கு என்று தனியாகப் பராமரிப்பு உண்டா?

உண்டு, எல்லாம் செம்மண்ணால் வருவது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்ஸரின் இடுக்குகளில் புழுதியும் பூச்சியும் அடைத்துக்கொண்டால் சூடு வெளியே போகாது. வீட்டுக் குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பீச்சிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் வேகமான தண்ணீரை நேராக அடிக்கவிடாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைப் புத்தகத்தில் சொல்லும் கிலோமீட்டருக்குப் பாதியிலேயே மாற்றுகிறேன். வெளியே எடுத்துப் பார்த்தால் ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பு தோற்றுப்போகும்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா? வெள்ளை வண்டி உதவுமா?

கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012-ல் தடை செய்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்குள் வெள்ளி நிற மறைப்பு வைத்தாலே போதும்.

நிறம் கொஞ்சம் உதவும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011-ல் ஒரே மாதிரியான கறுப்புக் காரையும் வெள்ளி நிறக் காரையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தது. வெள்ளி நிறக் காரின் உள்காற்று 5, 6 டிகிரி குறைவாக இருந்தது. எரிபொருள் மிச்சம் என்று பார்த்தால் இரண்டு சதவீதத்துக்குள்தான். அதற்காகப் பிடித்த நிறத்தை விட வேண்டாம்.

கம்பெனி சொன்ன மைலேஜ் ஏன் வருவதே இல்லை?

இதுவரை விளம்பரங்களில் பார்த்த எண்கள் ஏசியை அணைத்து வைத்து, சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்தவை. நம் கத்திரி வெயில் அங்கே இல்லை.

மழைக்காலத்தில் ஏசி எதற்கு?

ஐப்பசி அடைமழையில் உள்கண்ணாடி புகைபிடித்தது போல ஆகும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் அரை நிமிடத்தில் தெளியும். அப்போது பெட்ரோலைப் பார்க்காதீர்கள்.

எலெக்ட்ரிக் காரில் இந்தத் தொல்லை இல்லையா?

உண்டு, மணிக் கணக்கும் அதேதான். கம்ப்ரஸரை பேட்டரி சுற்றுகிறது. ஊருக்குள் ஊர்ந்தால் ரேஞ்ச் நன்றாகவே குறையும். ஆனால் நிற்கும்போது வீணாகச் சுற்ற அதில் எஞ்சின் இல்லை. ஒரு மணி நேரம் நின்று ஏசி ஓடினால் ஒன்றரை யூனிட் போகும். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 15 ரூபாய். பெட்ரோல் வண்டியில் 100. கோயில் சுற்றும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தம் எது? 1953-ல் திறந்த நம் ஊர் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பேட்டரி ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்க, அதே ஊரில் நான் இன்னும் பெட்ரோல் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த வண்டிக்குக் கடன் கேட்டிருக்கிறேன்.

என் வண்டியில் ஏசி எவ்வளவு குடிக்கிறது என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், தானாக 'டக்' என்று நிற்கும்வரை டேங்கை நிரப்புங்கள். ஒரு வாரம் ஏசியோடு ஓட்டி மறுபடி அதேபோல நிரப்பி லிட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஏசி இல்லாமல். டயர் காற்று இரண்டு வாரமும் ஒன்றாக இருக்கட்டும், அது குறைந்தாலும் மைலேஜ் திருடுபோகும். கிலோமீட்டரோடு வண்டி ஓடிய மணி நேரத்தையும் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் அதைத்தான் எழுதுவதில்லை. சோதனையை மார்கழியில் வைத்துக்கொண்டால் உடம்புக்குச் சுகம், ஆனால் விடை தப்பாக வரும். சித்திரையில்தான் செய்ய வேண்டும், ஏசி இல்லாத வாரத்துக்கு ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.